எச்பி 9.4, டிஎஸ்எச் 5.8, எந்நேரமும் குளிருது: இரும்புச்சத்துக்கும் தைராய்டுக்கும் சம்பந்தம் இருக்கா?

வேளச்சேரி_வாசி:

வணக்கம் மக்களே. 33 வயசு, சென்னை, நாள் முழுக்க ஏசில உக்காந்து பாக்குற வேலை. கொஞ்ச மாசமாவே எனக்கு குளிர் தாங்க மாட்டேங்குது. ஆபீஸ்ல ஏசி 24ல தான் ஓடுது, பக்கத்து சீட்டுல இருக்கறவங்க எல்லாம் சாதாரணமா இருக்காங்க, நான் மட்டும் சால்வைய போத்திக்கிட்டு கைய தொடைக்கு கீழ வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், விரல் விறைச்சுப்போய் டைப் பண்ண வரமாட்டேங்குது. சாயங்காலம் வெளிய வந்து வெயில்ல நின்னா தான் உடம்பு சரியாகுற மாதிரி இருக்கு. முடி கொத்து கொத்தா கொட்டுது, ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்குது, இன்னொன்னு, சொல்ல ஒரு மாதிரி இருக்கு ஆனா சொல்லிடறேன், பச்சரிசிய வாயில போட்டு மென்னுக்கிட்டே இருக்கணும்னு தோணுது, சமையல்கட்டு பக்கம் போனாலே கை அரிசி டப்பாவுக்கு தான் போகுது.

பீரியட்ஸ் ஏழு எட்டு நாள் போகுது, முதல் மூணு நாள் ரொம்ப அதிகம். டெஸ்ட் எடுத்ததுல எச்பி, அதாவது ஹீமோகுளோபின் 9.4, உடம்போட இரும்பு இருப்ப காட்டுற ஃபெரிடின் 6, தைராய்டு மந்தமானா ஏறுற டிஎஸ்எச் 5.8, தைராய்டு சுரக்கற ஹார்மோனான ஃப்ரீ டி4 நார்மல். டாக்டர் தைராய்டுக்கு தைராக்ஸின் 25 மைக்ரோகிராமும் ஒரு இரும்புச்சத்து மாத்திரையும் எழுதிக் குடுத்தாங்க, ரெண்டுக்கும் சீட்டுல காலைல வெறும் வயித்துலன்னு தான் போட்டிருக்கு, நானும் ஒரே டம்ளர் தண்ணில ரெண்டையும் முழுங்கிட்டு பத்து நிமிஷத்துல காபி குடிச்சிடறேன். இப்ப அத்தை என்னடான்னா தைராய்டு மாத்திரை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் நிறுத்த முடியாது, பேசாம முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடு எல்லாம் சரியாகும்ங்கறாங்க. வீட்டு தெர்மாமீட்டர்ல காலைல 96.8 தான் காட்டுது, அதையும் பாத்து பயமா இருக்கு. எனக்கு தெரிய வேண்டியது இது தான்: இது தைராய்டு பிரச்சனையா ரத்தசோகையா, இல்ல ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சம்பந்தப்பட்டதா? இந்த குளிர் எதனால வருது?

கறிக்கடை_தெரு:

சிஸ்டர் மொதல்ல சுவரொட்டி வாங்கி சாப்பிடுங்க, ஆட்டோட மண்ணீரல் தான், வாரம் ரெண்டு தடவ, மிளகு போட்டு வதக்கி. எங்க அம்மாவுக்கு பிரசவத்துக்கு அப்புறம் அதுதான் குடுத்தாங்க. தைராய்டு மாத்திரைய பத்தி எனக்கு தெரியாது ஆனா ரத்தம் ஏறிட்டாலே பாதி குளிர் போயிடும்.

பொதுவார்டு:

நான் பொது மருத்துவம் பாக்குறவன், அரசு ஆஸ்பத்திரில. உங்க கேள்விக்கு ஒரே வரில பதில் சொல்லணும்னா சம்பந்தம் இருக்கு, ரெண்டு பக்கமும் இருக்கு. ஆனா இத கொஞ்சம் விளக்கமா சொன்னாதான் உங்களுக்கு பயம் போகும், அதனால நீளமா எழுதறேன், பொறுத்துக்கோங்க.

தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்யணும்னா அயோடின் வேணும்னு ஸ்கூல்லயே படிச்சிருப்போம். அந்த அயோடின எடுத்து புரதத்தோட ஒட்ட வைக்கிற வேலைய செய்யறது தைராய்டு பெராக்சிடேஸ்னு ஒரு என்சைம். அந்த என்சைமோட நடுவுல இருக்கறது ஹீம், அதாவது ஹீமோகுளோபின்ல இருக்கற மாதிரியே இரும்பு உக்காந்திருக்கற ஒரு அமைப்பு. இரும்பு குறைஞ்சா இந்த என்சைம் மந்தமாகுது, இத எலிங்கள்ல தெளிவாவே பாத்திருக்காங்க. அதோட முடியல, சுரப்பில இருந்து வர்ற டி4ங்கறது கிட்டத்தட்ட இருப்பு சரக்கு தான், கல்லீரல் மாதிரி இடங்கள்ல அது டி3யா மாறினா தான் முழு வேலை நடக்கும், இரும்பு குறைஞ்ச எலிங்களுக்கு இந்த மாத்துற வேலையும் குறையுது, ரத்தத்துல டி3 அளவும் இறங்குது.

எலிய விடுங்க, மனுஷங்கள்ல என்னன்னு கேட்டா, ஐவரி கோஸ்ட் நாட்டுல கழுத்து வீங்கின, அதாவது முன்கழுத்துக்கழலை இருந்த, இரும்புச்சத்தும் குறைஞ்ச பசங்கள வச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, 2002ல வெளியாச்சு, சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் செஞ்சது. எல்லா பசங்களுக்கும் அயோடின் உப்பு குடுத்தாங்க, பாதி பேருக்கு கூடவே இரும்பு மாத்திரை, மீதி பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 20 வாரம் கழிச்சு பாத்தா இரும்பு சாப்பிட்ட பசங்கள்ல 43 சதவீதம் பேருக்கு தான் கழலை மிச்சம் இருந்துச்சு, மத்த பசங்கள்ல 62 சதவீதம். உப்பு ஒண்ணு தான், அயோடின் ஒண்ணு தான், இரும்பு இருந்த உடம்புக்கு தான் அத நல்லா பயன்படுத்த முடிஞ்சுது. எனக்கு இந்த ஆராய்ச்சி ரொம்ப முக்கியமா படும், ஏன்னா நாம இத ரெண்டு தனி வியாதியா, ரெண்டு தனி சீட்டா பாத்து பழகிட்டோம்.

இப்ப உங்க குளிருக்கு வரேன். 1990ல அமெரிக்காவுல பென்சில்வேனியா ஸ்டேட் யுனிவர்சிட்டில ஜான் பியர்டுனு ஒரு சத்துணவு விஞ்ஞானி குழு, ரத்தசோகை இருக்கற பொண்ணுங்களையும் நல்லா இருக்கற பொண்ணுங்களையும் 28 டிகிரி செல்சியஸ் தண்ணித் தொட்டில உக்கார வச்சு உடம்பு சூட்ட அளந்தாங்க. 28 டிகிரி காத்தா இருந்தா ஒண்ணும் தெரியாது, தண்ணியா இருந்தா சூட்ட இழுத்துக்கிட்டே இருக்கும். ரத்தசோகை இருந்தவங்களுக்கு உடம்போட உள்சூடு மத்தவங்கள விட இறங்குச்சு, அவங்க உடம்பு உண்டாக்குன வெப்பமும் குறைவு, டி3 டி4 ரெண்டும் குறைவா இருந்துச்சு. இரும்பு மாத்திரை குடுத்து திரும்ப தொட்டில உக்கார வச்சப்போ சூட்ட தாங்கிப் புடிக்கிறது முன்னேறுச்சு, தைராய்டு அளவு ஓரளவுக்கு தான் சரியாச்சு. அப்ப குளிர் வெறும் நினைப்பு இல்ல, உங்க பக்கத்து சீட்டுக்காரங்க உடம்பு செய்யற ஒரு வேலைய உங்க உடம்பால இப்போதைக்கு அந்த அளவு செய்ய முடியல, அவ்வளவு தான்.

தைராய்டு மட்டுமே காரணம்னும் நினைக்காதீங்க. எச்பி 9.4னா தசைக்கு போய் சேர்ற ஆக்சிஜன் குறைவு, தசைக்குள்ள சக்தி எரிக்கற இடத்துல இருக்கற சைட்டோகுரோம்ங்கற புரதங்களுக்கும் இரும்பு வேணும், அதுவும் குறைவு, எரிக்கறது குறைஞ்சா சூடு குறையும். நடுங்குறதும் ஆக்சிஜன் செலவாகுற வேலை தான். உடம்பு இத சமாளிக்க நார் அட்ரினலின அதிகமா சுரக்குது, சிலருக்கு கை கால் சில்லுனு இருந்துக்கிட்டே நெஞ்சு படபடன்னு அடிக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். தைராய்டு குறைஞ்சா பீரியட்ஸ் அதிகமா போகும், அதிகமா போனா இரும்பு போகும். தைராய்டு குறைஞ்சவங்க சிலருக்கு வயித்துல அமிலம் கம்மியா சுரக்கும், அமிலம் கம்மியானா சாப்பாட்டுல இருக்கற இரும்பு உள்ள போகாது. ஹாஷிமோட்டோ மாதிரி தன்னெதிர்ப்பு தைராய்டு இருக்கறவங்க கொஞ்ச பேருக்கு அதே மாதிரி வயித்து சுவரையும் உடம்பே தாக்கும், அவங்க எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் எச்பி ஏறாது. எது மொதல்ல வந்துச்சுன்னு உங்க ரிப்போர்ட்ட மட்டும் வச்சு யாராலயும் சொல்ல முடியாது, மேல சொன்ன தைராய்டு பெராக்சிடேஸ உடம்பே எதிர்க்குதான்னு பாக்குற எதிர்ப்பு டிபிஓ ஆன்டிபாடி டெஸ்ட் ஒண்ணு எடுத்தா ஒரு துப்பு கிடைக்கும்.

அத்தை சொன்ன ஆயுசுக்கும்ங்கற விஷயம்: ஃப்ரீ டி4 நார்மலா இருந்து டிஎஸ்எச் மட்டும் லேசா ஏறியிருந்தா அது சப்கிளினிக்கல், அதாவது லேசான நிலை, நிறைய பேருக்கு ரெண்டு மூணு மாசம் கழிச்சு திரும்ப பாத்தா தானாவே இறங்கியிருக்கும். இரும்பு ஏறின பிறகு டிஎஸ்எச் எங்க நிக்குதுன்னு பாத்து மாத்திரை வேணுமா வேணாமான்னு டாக்டர் முடிவு பண்ணலாம், ஆரம்பிச்ச எல்லாரும் ஆயுள் முழுக்க சாப்பிடணும்னு இல்ல. அதுக்காக நீங்களா நிறுத்திடாதீங்க. துருக்கில 2009ல இதே மாதிரி ரெண்டும் இருந்தவங்க ஒரு பகுதிக்கு இரும்பு மட்டும், இன்னொரு பகுதிக்கு இரும்போட தைராக்ஸினும் குடுத்து பாத்தாங்க, ரெண்டும் சாப்பிட்டவங்களுக்கு எச்பி நல்லா அதிகமா ஏறுச்சு. அதனால ரெண்டையும் எழுதினதுல தப்பு இல்ல. தப்பு என்னன்னா ரெண்டையும் ஒரே நேரத்துல முழுங்கறது, அத மருந்துக்கடைக்காரர் யாராவது சொல்லட்டும்.

கடைசியா ஒண்ணு, இத தான் எல்லாரும் விட்டுடறாங்க. ரத்தம் எங்க போகுதுன்னு பாக்காம மாத்திரை மட்டும் சாப்பிட்டுக்கிட்டே இருந்தா இறைக்க இறைக்க ஓட்டைப் பானைல ஊத்துற கதை தான். எட்டு நாள் பீரியட்ஸ்னா வயித்து ஸ்கேன் கட்டாயம், கட்டி இருக்கான்னு பாக்கணும். மூலம் இருக்கா, கொக்கிப்புழு இருக்கா, குடும்பத்துல தலசீமியாங்கற பரம்பரை ரத்த வியாதி இருக்கா, இதெல்லாமும் கேளுங்க. அந்த பச்சரிசி ஆசைய சொல்ல வெக்கப்படவே வேணாம், சாம்பல், சாக்பீஸ், ஐஸ்கட்டி, மண்ணுன்னு ஆளாளுக்கு ஒண்ணு திங்க தோணும், இரும்பு குறைவோட அடையாளம் அது. நான் நோயாளிங்க கிட்ட இத நானே கேட்டுடுவேன், அவங்களா சொல்ல மாட்டாங்க.

மருந்துக்கடை_மதுரை:

டாக்டர் சார் சொல்லிட்டாரு, நான் சொல்றேன். அம்மா, மொதல்ல அந்த ஒரே டம்ளர் பழக்கத்த நாளைக்கே நிறுத்துங்க. இரும்பும் தைராக்ஸினும் வயித்துல சேந்தா ஒண்ண ஒண்ணு புடிச்சுக்கும், தைராக்ஸின் ரத்தத்துல ஏறாம வெளிய போயிடும். 1992லயே இத பண்ணி பாத்துட்டாங்க, நல்லா கட்டுப்பாட்டுல இருந்த தைராய்டு நோயாளிங்க 14 பேருக்கு 12 வாரம் ரெண்டையும் சேத்து குடுத்ததுல சராசரி டிஎஸ்எச் 1.6ல இருந்து 5.4க்கு போயிடுச்சு. மாத்திரை அளவ ஒரு துளி மாத்தல, சேத்து சாப்பிட்டது மட்டும் தான். என் கடைக்கு வர்றவங்க பலபேர் தைராய்டு டோஸ் ஏத்திக்கிட்டே போறாங்கன்னு புலம்புவாங்க, காலைல வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கன்னு கேட்டா தான் இந்த கதை வெளிய வரும்.

குறைஞ்சது நாலு மணி நேரம் இடைவெளி வேணும். எழுந்ததும் தைராக்ஸின் வெறும் தண்ணில, அதுக்கப்புறம் அரை மணி, முடிஞ்சா ஒரு மணி நேரம் கழிச்சு தான் காபி, காபியும் அத உறிஞ்ச விடாது. இரும்பு மாத்திரைய பதினோரு மணிக்கு மேல ஒரு எலுமிச்சம்பழ ஜூஸோட இல்ல ஒரு நெல்லிக்காயோட போடுங்க, விட்டமின் சி இருந்தா நல்லா ஏறும், போட்டதுக்கு முன்னயும் பின்னயும் ஒரு மணி நேரம் டீ காபி பால் வேணாம். மாத்திரை அட்டைல எலிமென்டல் அயர்ன் எவ்வளவுன்னு பாருங்க, அது தான் நெஜ கணக்கு, 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட்னு போட்டிருந்தா அதுல இரும்பு 65 தான் இருக்கும். முடி கொட்டுதுன்னு பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா? சாப்பிட்டா தைராய்டு டெஸ்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்திட்டு போங்க, சில லேப் மெஷின்ல ரிசல்ட்டையே தப்பா காட்டும்.

வேளச்சேரி_வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சுட்டு கண்ணு கலங்கிடுச்சு, இவ்வளவு நாள் எல்லாரும் ஏசிய குறைச்சு வச்சுக்கோன்னு தான் சொன்னாங்க. பயோட்டின் சாப்பிட்டுக்கிட்டு தான் இருக்கேன், யாரும் கேக்கவே இல்ல. கறிக்கடை அண்ணா, நாங்க சைவம், சுவரொட்டிக்கு வழி இல்ல. சார் இன்னும் சில சந்தேகம்: இரும்பு மாத்திரை போட்டா மலம் கருப்பா போகுது, வயித்த புரட்டுது, அதனால நடுவுல நடுவுல விட்டுடறேன். தெர்மாமீட்டர் 96.8 பத்தி சொல்லலையே? எவ்வளவு நாள்ல குளிர் போகும்? அடுத்த வருஷம் குழந்தைக்கு பிளான் பண்றோம், அதுக்கு ஏதாவது பாக்கணுமா?

பொதுவார்டு:

குழந்தை விஷயத்த மொதல்ல சொல்லியிருக்கணும் நீங்க, அது எல்லாத்தையும் மாத்துது. கர்ப்பத்தோட முதல் மாசங்கள்ல குழந்தைக்கு சொந்த தைராய்டு வேலை செய்யாது, அம்மாவோட ஹார்மோன் தான், அதனால திட்டம் இருக்கறவங்களுக்கு லேசான டிஎஸ்எச் ஏத்தத்தையும் டாக்டருங்க கவனமா எடுத்துப்பாங்க, மாத்திரை சாப்பிடறவங்களுக்கு 2.5க்கு கீழ வச்சுக்க பாப்பாங்க. உங்க டாக்டர் கிட்ட இத உடனே சொல்லுங்க, தைராக்ஸின நீங்களா விடவே கூடாது. ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எப்ப ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கோங்க.

தெர்மாமீட்டர ஓரமா வைங்க. காலைல எல்லாருக்குமே சூடு குறைவா தான் இருக்கும், பொண்ணுங்களுக்கு கருமுட்டை வெளியான பிறகு ஏறும் முன்னாடி இறங்கியிருக்கும், வாய் திறந்து தூங்கினாலே அளவு மாறும். 96.8ங்கறது 36 டிகிரி செல்சியஸ், காலைல அது வியாதி இல்ல. காலை சூட்ட வச்சு தைராய்ட கண்டுபிடிக்கலாம்னு ஒரு பழைய முறை சுத்திக்கிட்டு இருக்கு, நம்பாதீங்க, ரத்தப் பரிசோதனை தான் சொல்லும்.

கருப்பா போறது சாதாரணம். வயித்த புரட்டினா விட்டு விட்டு சாப்பிடறதுக்கு பதிலா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடலாமான்னு டாக்டர கேளுங்க. ஒரு தடவ 60 மில்லிகிராம் மாதிரி சாப்பிட்டா உடம்பு ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன சுரந்து அடுத்த 24 மணி நேரம் குடலோட கதவ மூடி வச்சுக்குது, அதனால மறுநாள் சாப்பிடறது அவ்வளவா ஏறாது. 2017ல ஜூரிச்ல இளம்பெண்கள வச்சு பாத்தப்போ ஒண்ணு விட்டு ஒரு நாள் குடுத்தது தான் ஒவ்வொரு மாத்திரைலயும் அதிகமா ஏறுச்சு. எச்பி சரியா ஏறுற உடம்பா இருந்தா ஒரு மாசத்துல 1 கிராமாவது, சில பேருக்கு 2 கிராம் கூட ஏறியிருக்கணும், ஏறலன்னா திரும்ப போங்க, ஊசி மூலமா ஏத்தற வழியும் இருக்கு. பச்சரிசி ஆசை பொதுவா எச்பி ஏறுறதுக்கு முன்னாடியே போயிடும், குளிர் அதுக்கப்புறம். எச்பி 12 ஆனதும் நிறுத்திடாதீங்க, அதுக்கு மேல மூணு மாசமாவது சாப்பிட்டா தான் ஃபெரிடின் நிறையும்.

தேயிலைக்காடு:

இப்ப தான் இந்த பேச்ச பாத்தேன். நான் நீலகிரில கிராம சுகாதார செவிலியர். எங்க பக்கம் இன்னொரு கஷ்டம், குளிருதுன்னு யாராவது சொன்னா ஊரே குளிரா தானே இருக்குன்னு விட்டுடுவாங்க. மழை மாசத்துல எஸ்டேட்ல இலை பறிக்கற அக்காங்க கை நீலம் பாரிச்சு நிக்கறத பாத்திருக்கேன், கண் இமைய கீழ இழுத்து பாத்தா வெளுத்து கிடக்கும். தமிழ்நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரை உள்ள பொண்ணுங்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு சொல்லுது, பாதிக்கு மேல. இத்தன பேருக்கு இருக்கறதாலயே அது ஒரு வியாதியா யாருக்கும் தெரிய மாட்டேங்குது, பொம்பளைன்னா சோர்வா தான் இருப்பான்னு ஆகிப்போச்சு. அது எனக்கு பொறுக்கவே மாட்டேங்குது.

எங்க ஊர்ல டீ தான் பெரிய எதிரி, அதையே பறிச்சு வாழற ஊர்ல அத சொல்றது கஷ்டம். சாப்பிட்ட கையோட டீ, நாளைக்கு ஆறு ஏழு தடவ. டீய விடுன்னா யாரும் விட மாட்டாங்க, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரம் விடுன்னா கேக்கறாங்க. ஸ்கூல் பசங்களுக்கு வாரம் ஒரு நாள் குடுக்கற நீல மாத்திரைய வீட்டுக்கு எடுத்துட்டு போனா அது குப்பைக்கு தான் போகும், அதனால டீச்சர் முன்னாடியே முழுங்க வைப்போம், வயித்துல ஏதாவது சாப்பிட்ட பிறகு. டாக்டர் சொன்ன அந்த அயோடின் உப்பு விஷயம் படிச்சதும் தோணுச்சு, நம்ம தமிழ்நாடு உப்பு நிறுவனம் இரும்பும் அயோடினும் ரெண்டும் சேத்த உப்பு தயாரிக்குது, சத்துணவுலயும் போடுறாங்க, 2014ல அம்மா உப்புன்னு கடைல வந்ததுலயும் அந்த வகை இருந்துச்சு. கிடைச்சா வாங்குங்க சகோதரி, சைவம் சாப்பிடறவங்களுக்கு ஒரு சின்ன உதவி. ஆனா எச்பி 9.4க்கு உப்பும் கீரையும் பத்தாது, மாத்திரை தான். முருங்கைக்கீரைல இரும்பு இருக்கு, ஆனா உடம்பு எடுத்துக்கறது அதுல கொஞ்சம் தான், எலுமிச்சை புழிஞ்சு சாப்பிட்டா இன்னும் கொஞ்சம் கூடும். முளைகட்டின பயறு, கேழ்வரகு, கொண்டைக்கடலை எல்லாம் சேத்துக்கோங்க, கூட ஒரு கொய்யா. அத்தைய விட்டுடாதீங்க, கீரைய அவங்க சமைக்கட்டும், மாத்திரைய நீங்க போடுங்க.

வேளச்சேரி_வாசி:

அக்கா நன்றி, அத்தை கிட்ட அப்படியே சொல்லிட்டேன், கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருக்காங்க. ஸ்கேனுக்கு நாள் வாங்கிட்டேன், பயோட்டின நிறுத்திட்டேன். மதுரை அண்ணாச்சி, ஒரே ஒரு கேள்வி, எனக்கு கால்சியம் மாத்திரையும் ஒண்ணு எழுதியிருக்காங்க, அத எங்க சொருகறது?

மருந்துக்கடை_மதுரை:

கால்சியம் ரெண்டு பேருக்குமே ஆகாதும்மா, தைராக்ஸினையும் தடுக்கும் இரும்பையும் தடுக்கும். காலைல தைராக்ஸின், பதினொன்னரைக்கு இரும்பு, கால்சியத்த ராத்திரி சாப்பாட்டோட வச்சுக்கோங்க, அது சாப்பாட்டோட போட்டா தான் நல்லது. இரும்பு ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு டாக்டர் மாத்தினாலும் நேரத்த மாத்தாதீங்க, போன்ல அலாரம் வச்சுடுங்க. அடுத்த டெஸ்ட் எடுக்கற அன்னைக்கு தைராக்ஸின ரத்தம் குடுத்துட்டு வந்து போடுங்க, முன்னாடி வேணாம்.